மூளையின் ஆக்சிஜனை அளக்க எது நல்லது: நெற்றி ஸ்டிக்கரா, டாப்ளரா, கழுத்துக் குழாயா?

அறுவை சிகிச்சை மேசையில் மயக்கத்தில் இருப்பவரிடம் "தலை சுற்றுகிறதா?" என்று கேட்க முடியாது. விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 99 என்று காட்டும்போதே மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துகொண்டிருக்கலாம். விரலுக்குத் தெரிவது விரலின் கதை மட்டும்தான்.

மூளையின் கதையைக் கேட்கச் சுலபமான வழி அண்மை அகச்சிவப்பு ஒளி. 1970களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ், சாப்பாட்டு மேசையில் ஒரு மாட்டெலும்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாராம். சிவப்பொளி எலும்பைத் தாண்டி வந்தது. அப்படியானால் மண்டை ஓட்டையும் தாண்டுமே! 1977இல் அவருடைய ஆய்வுக் கட்டுரை வந்தது. ஏறக்குறைய 700 முதல் 900 நானோமீட்டர் வரையான ஒளியைத் தோலும் எலும்பும் ஓரளவு விட்டுவிடும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் இழந்த ஹீமோகுளோபினும் அதை வெவ்வேறு அளவில் விழுங்கும். நெற்றியில் ஒட்டும் ஸ்டிக்கரில் ஒளி விடும் முனை ஒன்று, வாங்கும் முனைகள் இரண்டு. அருகில் உள்ளது பெரும்பாலும் தோலையும் எலும்பையும் பார்க்கும், தள்ளி உள்ளது இன்னும் ஆழமாகப் பார்க்கும். கழித்தால் மிஞ்சுவது மூளை. கணக்கு அப்படி. அங்குள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதே திரையில் வரும் எண்.

இதற்கு நாடித் துடிப்பு தேவையில்லை. இதயத்தை நிறுத்திவைத்து, இதய-நுரையீரல் எந்திரத்தில் ரத்தம் ஓடும்போது பல்ஸ் ஆக்சிமீட்டர் கைவிரித்துவிடும். இது வேலை செய்யும். இதய அறுவை அரங்குகளில் இது இடம்பிடித்ததற்கு அது பெரிய காரணம்.

டாப்ளர் வேறு ரகம். 1982இல் ரூனே ஆஸ்லிட் காட்டிய முறை இது: காதுக்கு முன்னால் உள்ள மெல்லிய எலும்பு வழியாகக் கேளா ஒலியை அனுப்பி, தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தைப் பிடிப்பது. ஒவ்வொரு துடிப்பும் திரையில் தெரியும். ரத்தத்தில் மிதந்து போகும் சிறு ரத்த உறைவுகூடச் சிக்கும். ஆனால் அது வேகம்தான், அளவல்ல. குழாய் சுருங்கினாலும் வேகம் கூடும், ரத்தம் அதிகம் வந்தாலும் கூடும். பத்தில் ஒருவருக்காவது அந்த எலும்பு ஒலியை உள்ளே விடுவதில்லை. கருவி கொஞ்சம் நகர்ந்தாலும் சமிக்ஞை போய்விடும்.

கழுத்துச் சிரையில் மேல்நோக்கிக் குழாய் செலுத்தி, மூளையிலிருந்து திரும்பும் ரத்தத்தின் ஆக்சிஜனை அளப்பது பழைய வழி. 55 முதல் 75 சதவீதம் இருந்தால் சரி. ஆனால் அது சராசரி. ஒரு மூலை பட்டினி கிடந்தாலும் மற்ற இடங்கள் அதை மறைத்துவிடும். மூளைக்குள்ளேயே நுண்முனை செருகுவது இன்னும் நேரடி; 20 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போனால் கவலைப்படுவார்கள். அதற்கு மண்டையில் துளை வேண்டும், தெரிவதும் முனையைச் சுற்றிய சிறு இடம்தான். கடுமையான தலைக்காயத்துக்குச் சரி, மற்றவர்களுக்கு யார் துளை போடுவார்கள்?

அப்புறம், ஸ்டிக்கரின் வண்டவாளம். இறந்தவர்களின் தலையில் வைத்துப் பார்த்தபோது, சிலரிடம் உயிருள்ளவர்களின் எல்லைக்குள் வரும் எண்களே கிடைத்தன என்று 1996இல் ஓர் ஆய்வு சொன்னது. தோலின் ரத்த ஓட்டமும் எண்ணைக் கலைக்கும்: ரத்த அழுத்தம் ஏற்றும் மருந்து கொடுத்தால், மூளை நன்றாக இருந்தும் எண் இறங்கலாம். ஆகவே 65 என்ற எண்ணை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. மயக்க மருந்துக்கு முன்பே ஒட்டி, அவரவர் தொடக்க அளவைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து 20 சதவீதம் சரிந்தால் காரணம் தேட வேண்டும். இப்படி மணிக்கணக்கில், நோயாளியைத் துளைக்காமல், ஆள் உட்கார்ந்து பிடிக்காமல் கண்காணிக்க மேலே சொன்னவற்றில் வேறெதுவும் இதற்கு ஈடில்லை என்பேன்.

ஆனால் கண்காணிப்பு வேறு, பலன் வேறு. 28 வாரம் நிறையாமல் பிறந்த சுமார் 1600 குழந்தைகளிடம் நடந்த சேஃப்பூஸ்சி சோதனையின் முடிவு 2023இல் வந்தது. முதல் மூன்று நாள் இந்த எண்ணைப் பார்த்துச் சிகிச்சை செய்ததால் மரணமோ கடும் மூளைச் சேதமோ குறையவில்லை.

ரத்த ஓட்டத்தையே ஒளியால் அளக்கும் முறையும் உண்டு. லேசர் ஒளி திசுவில் பட்டுத் திரும்பும்போது உண்டாகும் புள்ளிக் கோலம், சிவப்பணுக்கள் வேகமாக ஓடினால் வேகமாக மாறும்; அந்த மாற்றத்தின் வேகத்தை அளப்பார்கள். ஆனால் எந்த ஒளியானாலும் தலைமுடி தடுக்கிறது. அதனால்தான் பெரும்பாலும் நெற்றியிலேயே ஒட்டுகிறார்கள். பின்மண்டைக்குப் போகும் தமனி அடைபட்டுக்கொண்டிருந்தாலும் நெற்றி ஸ்டிக்கர் 70 என்றே காட்டிக்கொண்டிருக்கலாம்.