சர்ஃபேஸ் டிரைவ் ஷாஃப்ட்: 17-4 என்று சொல்லி 304 தலையில் கட்டினார்கள்

சின்ன ஸ்பீடு படகுக்குச் சொந்தமாக சர்ஃபேஸ் டிரைவ் (புரொப்பல்லரை நீர்மட்டத்தில் சுற்றும் அமைப்பு) கட்டுகிறவர்கள், ஷாஃப்ட் (புரொப்பல்லரைச் சுற்றும் தண்டு) கடைசலை வெளியே கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வலிமை கூடிய 17-4 பிஹெச் வகை ஸ்டெயின்லெஸ் என்று ஆர்டரில் எழுதி, அதற்குரிய விலையையும் கொடுத்தேன். வந்தது சாதாரண 304 வகை ஸ்டெயின்லெஸ். அது முறிந்து, புரொப்பல்லர் தண்ணீருக்கு அடியில் போய், படகைக் கட்டி இழுத்து வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. செய்த விதத்தைச் சொல்கிறேன், வேறு எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரிந்துகொள்வீர்கள்.

எந்த ஸ்டெயின்லெஸ் என்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். இந்த டிரைவில் புரொப்பல்லரின் பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலும் சுற்றுகிறது. ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீரை அறைந்துகொண்டு உள்ளே இறங்குகிறது. ஷாஃப்ட்டுக்கு முறுக்கு மட்டுமல்ல, ஓயாத வளைவும் சேர்ந்து விழுகிறது. 304 ஆனாலும் 316 ஆனாலும், மென்பதப்படுத்திய நிலையில் குறைந்தபட்ச ஈல்டு வலிமை (நிரந்தரமாக வளையாமல் தாங்கும் அளவு) சுமார் 205 மெகாபாஸ்கல்தான். ஹீட் ட்ரீட்மெண்ட் செய்த 17-4 பிஹெச், வலிமை குறைந்த எச்1150 என்ற ட்ரீட்மெண்ட் நிலையிலேயே 720ஐத் தாண்டும். தேங்கிய உப்புத் தண்ணீரில் அதற்கும் அரிப்புத் தொல்லை உண்டு, அது வேறு கதை.

முறிந்தது புரொப்பல்லருக்கான கீவே (சாவித்துண்டு உட்காரும் பள்ளம்) தொடங்கும் இடத்தில். மிச்சத் துண்டின் முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கீவேயின் அடி மூலையிலிருந்து பிறை பிறையாக வரிகள் விரிந்திருந்தன. முகத்தின் பெரும்பகுதி மழமழவென்று இருந்தது, எதிர் ஓரத்தில் மட்டும் சொரசொரப்பாகக் கொஞ்சம். ஒரே அடியில் முறிந்தால் இப்படி இருக்காது. விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, கடைசியில் மிச்சமிருந்த அளவு தாங்காமல் விட்டிருக்கிறது. வரைபடத்தில் அந்த மூலையை உருட்டி, ரேடியஸ் போட்டுத்தான் கொடுத்திருந்தேன். வெட்டியிருந்ததோ கூர்மூலை.

பட்டறைக்காரர் எடுத்த எடுப்பில் சொன்னது, “கட்டையில இடிச்சிருப்பீங்க சார்.” படம் எடுத்து அனுப்பினேன். அப்புறம் “உலோகம் ஒரிஜினல்தான், ஆதாரம் இருக்கு” என்று கடைசல் நடந்தபோது எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பினார். அதில் ஷாஃப்ட்டின் மேல் காந்தத்தை வைக்கிறார்கள், அது ஒட்டாமல் கீழே விழுகிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். 17-4 பிஹெச்சில் காந்தம் நன்றாகவே ஒட்டும். ஒட்டாதது 304, 316 வகைதான், அந்த இரண்டையும் காந்தத்தால் பிரித்தறியவும் முடியாது.

சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் எக்ஸ்ரே கருவி வைத்து உலோகக் கலவையைச் சோதித்தேன். குரோமியம் 18க்கு மேல், நிக்கல் 8, செம்பு அரை சதவீதம்கூட இல்லை. 17-4 என்றால் நிக்கலும் செம்பும் தலா 3 முதல் 5 சதவீதம் இருக்க வேண்டும். ஆலைச் சான்றிதழ் கொடுத்தார்களே என்றால், தாள் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அதில் இருக்கும் ஹீட் நம்பர் (எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் எண்) ஷாஃப்ட்டில் எங்கும் இல்லை. கேட்டால், கடைசலில் போய்விட்டதாம். ஒழுங்கான பட்டறை ராடை அறுப்பதற்கு முன்பே அந்த எண்ணை வெட்டப் போகும் துண்டிலும் பஞ்ச் செய்துவிடும்.

சரி, மற்றதையும் பார்த்துவிடுவோம் என்று பேரிங் பெட்டியையும் திறந்தேன். மூடியில் “திறந்தால் வாரண்டி கிடையாது” என்று ஸ்டிக்கர். அச்சுவாக்கில் வரும் தள்ளலைத் தாங்க, எதிரெதிராக வைத்த ஒரு ஜோடி டேப்பர் ரோலர் பேரிங் கேட்டிருந்தேன், உள்ளே இருந்தவை சாதாரண பால் பேரிங்குகள். 100 குதிரைத்திறன் இன்ஜின் 40 நாட் வேகத்தில் தள்ளும்போது, 65 சதவீதத் திறன் என்று வைத்தால்கூட, சுமார் 240 கிலோ உந்துவிசை அச்சுவாக்கில் வருகிறது. வேகம் பிடிக்கும்போது இன்னும் அதிகம். அத்தனையையும் இந்தப் பெட்டிதான் வாங்கி படகின் பின்பலகைக்குக் கொடுக்க வேண்டும். இது தளர்ந்தால் சுமை கியர்பாக்ஸின் தலையில் விழும். சுழற்சியைக் கோணத்தில் கடத்தும் இரண்டு யுனிவர்சல் ஜாயிண்ட்டுகளின் கவைகளும் ஒரே தளத்தில் இல்லாமல் 90 டிகிரி திரும்பியிருந்தன. முதல் நாளிலிருந்து இருந்த அதிர்வுக்கு அது ஒரு காரணம். அப்போது கேட்டதற்கு “சர்ஃபேஸ் டிரைவ்னா ஆடத்தான் சார் செய்யும்” என்றார்கள்.

உங்கள் ராடை அறுக்கும் முன்பும் கடைசல் முடிந்த பின்பும் எக்ஸ்ரே கருவியால் சோதித்துக்கொள்ளுங்கள். பழைய உலோகம் வாங்குபவர்கள் பலரிடமே அந்தக் கருவி இருக்கிறது, சில நொடி வேலை. பேரிங் பெட்டியை உங்கள் கண்முன்னே மூடச் சொல்லுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த ஷாஃப்ட்டுக்குக் கூலியில் பாதி குறைப்பதாகச் சொன்னார்கள். அதை எழுத்தில் கேட்ட பிறகு போன் எடுப்பதில்லை. ஆர்டர் தாள், சோதனை அறிக்கை, அந்த வீடியோ எல்லாவற்றையும் சேர்த்துப் புகார் கொடுக்கிறேன். நடுவில் ஒருமுறை “உடைஞ்ச பீஸை அனுப்புங்க, நாங்களும் செக் பண்றோம்” என்றார்கள். உங்களிடமும் கேட்பார்கள். முறிந்த முகம் உள்ள துண்டைக் கையை விட்டு அனுப்பாதீர்கள், மறுமுனையில் ஒரு சில்லு அறுத்துக் கொடுத்தால் போதும்.