வேளச்சேரி பறக்கும் ரயில்: வண்டி நல்ல வண்டி, இறங்கிய பிறகுதான் தொல்லை

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து வேளச்சேரிவரை 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 18 நிலையங்கள், முக்கால் மணி நேரத்தை ஒட்டிய பயணம், 5 ரூபாயில் தொடங்கும் டிக்கெட். சாலை சிக்னலும் நெரிசலும் தொடாத, பெரும்பாலும் தூண்கள் மேல் போகும் தனித் தடம். இந்த விலைக்கு இவ்வளவு வேகமாக நகரின் தென்பகுதிக்குக் கொண்டுபோய் விடுகிற சேவைகள் சென்னையில் குறைவு. வண்டியை மட்டும் வைத்து மதிப்பெண் போடச் சொன்னால் தாராளமாகப் போடலாம். ஆனால் பயணம் என்பது வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல்வரை. அந்தக் கணக்கில் பறக்கும் ரயில் பாதி மதிப்பெண்ணை இழக்கிறது.

காரணம் தடம் போட்ட இடத்திலேயே இருக்கிறது. நிலம் கையகப்படுத்தும் சிக்கலைக் குறைக்க, பெரும்பகுதித் தடத்தைப் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே எழுப்பினார்கள். 1995-ல் சேப்பாக்கம்வரை, 1997-ல் திருமயிலைவரை, 2007-ல் வேளச்சேரிவரை என்று கட்டம் கட்டமாக வந்தது. கால்வாய் ஓடுவது கடைத்தெருக்களுக்கும் பேருந்து நிறுத்தங்களுக்கும் முதுகுப்புறமாக. அதனால் பல நிலையங்களில் இறங்கியதும் எதிரே பேருந்து நிறுத்தம் இருக்காது. சந்து வழியாகச் சுற்றித்தான் பிரதான சாலைக்கு வர வேண்டும். கால்வாய்க்குள் நட்ட தூண்கள் நீரோட்டத்துக்கு இடைஞ்சலானது தனிக்கதை.

விதிவிலக்குகள் உண்டு. சேப்பாக்கத்தில் இறங்கினால் கிரிக்கெட் மைதானம் பக்கத்திலேயே. ஆட்ட நாளில் வண்டி நிறுத்த இடம் தேடுவதைவிட இதுதான் புத்திசாலித்தனம். திரும்புவதற்கான டிக்கெட்டையும் போகும்போதே எடுத்துவிடுங்கள். சென்ட்ரலுக்குப் போகிறவர்களுக்குப் பூங்கா நகர். பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களுக்குத் திருவான்மியூர்: டைடல் பார்க் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது, சாலைக்கு வந்தால் தெற்கே கேளம்பாக்கம் பக்கம் போகும் 19, 102 வரிசைப் பேருந்துகள் கிடைக்கும். வேளச்சேரிக்கு இந்த வசதி இல்லை. ரயில் நிலையம் ஓரிடம், விஜயநகர் பேருந்து நிலையம் வேறிடம். பெட்டியும் பையுமாக நடக்கிற தூரமல்ல அது, ஷேர் ஆட்டோதான். ஒரு பெருநகரத்தின் கடைசி நிலையத்தை இப்படிப் பேருந்து நிலையத்திலிருந்து பிரித்து வைத்ததற்கு நியாயம் சொல்ல முடியாது.

சேவை முடங்கினால் என்ன ஆகும் என்பதை 2023 ஆகஸ்ட் 27 காட்டியது. அன்று கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே 4.3 கி.மீ. நான்காவது தடம் அமைக்கும் பணி. பணி தேவையானதுதான்: அங்கிருந்த மூன்று தடங்களில் இரண்டு புறநகர் வண்டிகளுக்கு; விரைவு வண்டியும் சரக்கு வண்டியும் மிச்சமிருந்த ஒற்றைத் தடத்தில், ஒன்று போகும்வரை மற்றொன்று காத்திருந்து ஓடின. குறை சொல்ல வேண்டியது கால அளவை. 7 மாதம் என்று அறிவித்தார்கள். சேவை திரும்பியது 2024 அக்டோபர் 29-ல், அதாவது 14 மாதம் கழித்து.

அந்த 14 மாதமும் வண்டி சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. சென்ட்ரல், கோட்டை, பாரிமுனை போகிறவர்கள் அங்கே இறங்கி மாற வேண்டியிருந்தது. வேளச்சேரியிலிருந்து நேராகத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் போன வண்டிகளின் இணைப்பும் அறுந்தது. இங்கே ஒரு எளிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு வண்டியிலிருந்து 600 பேர் இறங்கினால், பேருந்துக்கு 60 பேர் என்று வைத்தாலும் 10 பேருந்து ஒரே நேரத்தில் வாசலில் நிற்க வேண்டும். அடுத்த வண்டி 20 நிமிடத்தில் வந்துவிடும். கூடுதலாக நாலு பேருந்து விட்டு இதைச் சமாளிக்க முடியாது. தடத்தை மூடும் முன்பே மாற்றுப் பேருந்தின் நேரம், நிற்கும் இடம், ஒரே டிக்கெட்டில் இரண்டிலும் போகும் ஏற்பாடு மூன்றும் முடிவாகியிருக்க வேண்டும்.

அன்றாடப் பயணிக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. வார நாள் நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். பராமரிப்புக்காக லைன் பிளாக் எடுத்தால், அதாவது சில மணி நேரம் தடத்தில் வண்டிகளை நிறுத்தினால், தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம் முன்கூட்டியே அறிவிக்கும். சனிக்கிழமை மாலையே பார்த்துவிடுவது நல்லது. மொபைலில் டிக்கெட் எடுப்பதானால் நிலையத்துக்குள் நுழையும் முன்பே எடுங்கள். உள்ளே வந்துவிட்டால் அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டிவரும். நடைமேடை உயரத்தில் இருப்பதால் டிக்கெட் எடுத்த பிறகும் ஏறுவதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நகரும் படிக்கட்டு ஓடும் என்று நினைத்து முதியவர்களை அழைத்துவர வேண்டாம். மழை நாளில் தடம் உயரத்தில் இருந்தாலும் அதற்கு வரும் சாலை தாழ்வில்தான். வேளச்சேரி, பெருங்குடி பக்கம் தண்ணீர் தேங்குவதும் அங்கேதான்.

நிலையக் கட்டடங்கள் மனத்தை வருத்துகின்றன. பெரிய பெரிய தளங்கள், அவற்றில் பெரும்பகுதி காலி. கடைகளும் அலுவலகங்களும் நிறைந்திருந்தால் இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் தனியாகப் படியிறங்கத் தயங்கமாட்டார். திருமயிலை – வேளச்சேரி இரண்டாம் கட்டச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு மாநில அரசுடையது, ஒரு பங்கு ரயில்வேயுடையது, வண்டி ஓட்டுவது ரயில்வே. விளக்கு எரியாவிட்டால் யாரைக் கேட்பது என்று பயணிக்குத் தெரியாத நிலை இந்தப் பங்கீட்டிலிருந்து வந்ததுதான்.

பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைவரை நீட்டும் இணைப்பு வெறும் 5 கி.மீ. கடைசி அரைக் கிலோமீட்டர் நிலத்துக்காக அது வருடக்கணக்கில் தேங்கியது. 2024 ஜனவரியில் ஆதம்பாக்கத்தில் கட்டுமானத்திலிருந்த பகுதி சரிந்தும் விழுந்தது. பரங்கிமலையில் தாம்பரம் புறநகர்த் தடமும் மெட்ரோவும் சேர்கின்றன. திருமயிலையில் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் இரு வழித்தடங்கள் பூமிக்கடியில் சந்திக்கின்றன. பறக்கும் ரயிலோ தரைக்கு மேலே. மேல் நடைமேடையிலிருந்து கீழ் நடைமேடைவரை லிஃப்டும் கூரையுள்ள நடைபாதையும் தொடர்ச்சியாக இருக்குமா, நடுவில் ஒருமுறை தெருவில் இறங்கி ஏற வேண்டுமா என்பதை இந்த இரண்டு இடங்களிலும் பார்க்க வேண்டும்.