வேலூரில் செய்து வாங்கிய நடைவண்டி: நான்கு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்கள் பாப்பாவுக்கு இப்போது 17 மாதம். இந்த மர நடைவண்டி வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. சக்கரம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, கைப்பிடியில் பல் தடம் ஏழெட்டு இருக்கிறது, இப்போது எழுதினால்தான் சரியாக இருக்கும். வாங்கின மறுநாளே யாரோ எழுதி வைத்ததை நம்பி ஒரு வண்டி வாங்கி ஏமாந்தவன் நான், அந்தக் கதையும் இதில் வருகிறது.

நாங்கள் இருப்பது சத்துவாச்சாரியில், மாடி வீடு, கீழே ஹவுஸ் ஓனர் குடும்பம். எனக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, மனைவி டீச்சர். செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில் காலையிலிருந்து மத்தியானம் என் அம்மா வரும்வரை பாப்பா என்னோடுதான். கேழ்வரகுக் கஞ்சி ஊட்டுவது, அது தலைமுடி வரைக்கும் போனதைத் துடைப்பது, தூங்க வைப்பது, விழுந்தால் தூக்குவது எல்லாம் நான்தான். அதனால் இந்த வண்டியைப் பற்றி வீட்டில் மற்றவர்களைவிட எனக்கு அதிகம் தெரியும்.

பிப்ரவரியில் ஒரு வயது முடிந்ததும் ரத்தினகிரியில் மொட்டை போட்டு, மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினோம். அன்றைக்கே விசாரணை ஆரம்பித்துவிட்டது. "இன்னா, இன்னும் நடக்கலையா?" என்று ஒருத்தர், "எங்க பையன் பத்து மாசத்துலயே ஓடினான்" என்று இன்னொருத்தர். போதாக்குறைக்கு பாப்பா முட்டி போட்டுத் தவழவே இல்லை, உட்கார்ந்தபடியே ஒரு கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து போவாள். அதைப் பார்த்து மனைவி ராத்திரியில் தூங்காமல் கவலைப்பட்டது எனக்குத்தான் தெரியும். உலக சுகாதார அமைப்பு இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 800க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட கணக்கைப் படித்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. பிடிமானம் இல்லாமல் தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நூற்றில் நாலு குழந்தைகள் முட்டி போட்டுத் தவழ்வதே இல்லை, நேராக எழுந்து நடந்துவிடுகிறார்கள். 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும், அதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் கேட்பதற்காகப் பயப்பட வேண்டாம்.

காது குத்தின அன்று மச்சான் ஆசையாக வாங்கிக் கொடுத்தது பிளாஸ்டிக் வட்ட வாக்கர். நடுவில் துணி சீட், சுற்றிலும் சக்கரம், முன்னால் பாட்டுப் பாடுகிற பொத்தான்கள். பாப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது, அதுதான் பிரச்சினையே. சீட்டில் தொங்கிக்கொண்டு நுனிக்காலால் தரையை உந்தி ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறப்பாள். மூன்றாவது வாரம் நான் பால் அடுப்பை அணைக்கத் திரும்பின நேரத்தில் ஹாலில் இருந்து வராந்தாவுக்கு இறங்குகிற ஒரே ஒரு படியில் வாக்கரோடு கவிழ்ந்தாள். உதடு கிழிந்து ரத்தம். பெரிய அடி இல்லை, ஆனால் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இந்த வட்ட வாக்கரில் குழந்தை ஒரு விநாடியில் மூன்றடிக்கு மேல் போய்விடும், பக்கத்தில் நின்றாலும் எட்டிப் பிடிக்க முடியாது. கனடாவில் 2004இலேயே இதை விற்கவும் இறக்குமதி செய்யவும் தடை போட்டுவிட்டார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் அங்கே தடை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. நடையும் இதில் வராது. உடம்பின் கனத்தைச் சீட்டு தாங்குகிறது, தன் காலையே குழந்தையால் பார்க்க முடியாது, விழாமல் நிற்க இடுப்பும் முதுகும் செய்ய வேண்டிய வேலை எதையும் செய்ய வேண்டியதில்லை. மச்சானிடம் நேராகவே சொன்னேன், அவர் வருத்தப்படவில்லை. சக்கரங்களைக் கழற்றிவிட்டோம், இப்போது அது பொம்மை போடும் கூடை.

அப்புறம்தான் "நாங்கல்லாம் நடைவண்டி தள்ளித்தானே நடந்தோம்" என்று அம்மா சொன்னார்கள். சரி என்று, முதலில் சொன்னேனே, யாரோ எழுதி வைத்ததை நம்பி, டவுனில் ஒரு கடைக்குப் போய் (பெயர் வேண்டாம்) வாங்கினேன். 480 ரூபாய். பளபளவென்று சிவப்பும் பச்சையும் பெயின்ட் அடித்து அழகாகத்தான் இருந்தது. தூக்கினால் ஒரு கிலோகூட இருக்காது. நல்லதுதானே, லேசாகத் தள்ளலாம் என்று நினைத்தேன், அது முழுத் தப்பு. தரையில் உட்கார்ந்திருக்கிற குழந்தை முதலில் கைப்பிடியைப் பிடித்து இழுத்துத்தான் எழுந்து நிற்கும். வண்டி லேசாக இருந்து, கைப்பிடியும் பின் சக்கரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், இழுத்ததும் வண்டி அப்படியே குழந்தை மேல் மல்லாக்க விழும். எங்களுக்கு முதல் நாளே இரண்டு முறை விழுந்தது. ஒன்பதாவது நாள் முன் சக்கரம் கழன்று வந்தது, ஆணி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கடையில் எடுத்துப்போய்க் காட்டினால் "பொம்மைக்கு எல்லாம் மாத்தித் தர மாட்டோம் சார்" என்று முடித்துவிட்டார்கள்.

கொசப்பேட்டைப் பக்கம் தச்சுப் பட்டறை வைத்திருக்கிற ஒரு பெரியவரை என்னோடு வேலை செய்கிறவர் சொன்னார். கதவு, ஜன்னல், சாமி பலகைதான் அவருக்கு முக்கிய வேலை, நடைவண்டி யாராவது கேட்டால் செய்வார். பாப்பாவையும் தூக்கிக்கொண்டு போனோம். அவர் டேப்பை எடுக்கவே இல்லை, பாப்பாவை மேஜையைப் பிடித்து நிற்க வைத்து, நெஞ்சுக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "இங்க இருக்கணும் கைப்புடி. தோளுக்கு மேல போனா தொங்கும், வயித்துக்குக் கீழ போனா கூன் போட்டு தள்ளும்." இத்தனை நாள் இதைப் பற்றி நான் ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை.

அவர் செய்த வண்டியின் முக்கியமான விஷயம் அதன் அடிப்பாகம். வழக்கமான நடைவண்டியில் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே கம்பி இணைக்கும், குழந்தை கொஞ்சம் முன்னேறினால் கால் கட்டைவிரல் அதில் இடிக்கும். இவர் இரண்டு கட்டையை ஏணி விரித்த மாதிரி பின்பக்கம் நீட்டி, ஒவ்வொன்றின் நுனியிலும் தனித்தனியாகச் சக்கரம் போட்டிருக்கிறார். நடுவில் காலி. குழந்தை அந்த இடைவெளிக்குள் நின்று நடக்கிறது, கைப்பிடி பின் சக்கரத்துக்கு நாலு விரற்கடை முன்னாலேயே இருக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் பின்னால் கவிழாது, நானே இழுத்துப் பார்த்தேன். வேப்ப மரம், மூன்றரை கிலோ எடை. மூட்டுகள் எல்லாம் துளை போட்டுக் கட்டை செருகியது, ஆணி சக்கரத்தில் மட்டும்தான், அதுவும் தலை மரத்துக்குள் புதைந்திருக்கிறது.

பெயின்ட் வேண்டாம் என்று நான் கேட்பதற்கு முன்பே அவரே வேண்டாம் என்றார். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. ஆனால் விலை குறைந்த பொம்மையில் பூசியது என்ன பெயின்ட் என்று பார்த்தால் தெரியாது. பல் முளைக்கிற குழந்தை கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்கும், இந்தக் கைப்பிடியை எங்கள் பாப்பா கடித்த மாதிரி முறுக்கைக்கூடக் கடித்ததில்லை. உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்துக் கொடுத்தார், வாரம் ஒருமுறை நாங்கள் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறோம். விலை 1,100 ரூபாய், ஐந்து நாளில் கிடைத்தது.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது சத்தம். மரச் சக்கரம் டைல்ஸ் மேல் கடகடவென்று ஓடினால் கீழ் வீட்டுக்கு இடி இடிக்கிற மாதிரி கேட்கிறது. ஹவுஸ் ஓனர் அம்மா மேலே வந்து, "குழந்தை நடக்கட்டும் தம்பி, மத்தியானம் மட்டும் கொஞ்சம் நிறுத்தி வையுங்க" என்று தன்மையாகத்தான் சொன்னார்கள். இரண்டாவது வேகம். மூன்றரை கிலோ இருந்தும் டைல்ஸில் வழுக்கிக்கொண்டு போகிறது, குழந்தையின் கால் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் குப்புற விழுகிறது. சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி, பட்டையாக வெட்டி, மூன்று சக்கரத்திலும் இறுக்கி மாட்டினோம். சத்தம் முக்கால்வாசி போய்விட்டது, வேகமும் அடங்கியது. இதை அவரே செய்து கொடுத்தால் நன்றாக இருக்கும், போகிறவர்கள் கேட்டுப் பாருங்கள். முதல் பத்து நாள் முன்பக்கப் பலகையில் இரண்டு கிலோ அரிசிப் பையையும் கட்டி வைத்திருந்தேன், பழகப் பழக எடுத்துவிட்டேன்.

மூன்றாவது குறையைத் தீர்க்க முடியாது. வண்டி நேராக மட்டும்தான் போகும். சுவரில் முட்டி நின்றதும் பாப்பா திரும்பி என்னைப் பார்த்து "தா... தா" என்று கத்துவாள், நான் எழுந்துபோய்த் திருப்பி வைக்க வேண்டும், மறு கோடியில் மறுபடியும். ஒரு மணி நேரத்தில் ஐம்பது முறை எழுந்திருப்பேன். ஆனால் 14 மாதம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் அவளே ஒரு பக்கத்தைத் தூக்கி, இடுப்பால் தள்ளி, வண்டியைப் பாதி திருப்பிவிட்டாள். அன்றைக்கு நான் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து மனைவிக்கு போன் போட்டு முழுதாகச் சொல்லி முடித்தேன்.

நம்ம ஊர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் மொட்டை மாடி, வராந்தா, தெரு எதிலும் குழந்தையின் வெறுங்கால் பட முடியாது, சாயங்காலம் ஐந்தரைக்குக்கூடத் தரை சுடும். ஷூ போட்டு நடக்க வைக்கலாமே என்று கேட்காதீர்கள், நடை பழகுகிற குழந்தை விரலால் தரையைப் பற்றித்தான் நிலை பிடிக்கிறது, வீட்டுக்குள் வெறுங்கால்தான் நல்லது. அதனால் காலை ஆறரை முதல் எட்டு வரை ஹாலில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கோட்டைக்கு. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே புல்லும் மண்ணுமாக இருக்கிற இடத்தில் இறக்கி விடுவோம். மண்ணில் வண்டி மெதுவாக, கனமாக, சத்தமே இல்லாமல் போகும், டைல்ஸைவிட அங்கேதான் நன்றாக நடந்தாள். விழுந்தாலும் அடி இல்லை. வண்டியைப் பார்த்து நின்ற ஒரு தாத்தா தானும் இதே மாதிரி ஒன்றில் நடை பழகினதாகச் சொல்லி அதன் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அங்கேதான் இன்னொருவர் "கால் வளைஞ்ச மாதிரி இருக்குதே, வண்டியாலயா?" என்று கேட்டார். இந்த வயதில் முட்டிக்கு நடுவே இடைவெளி விட்டு வளைந்த மாதிரி தெரிவது சாதாரணம், இரண்டு வயதுவாக்கில் தானாக நேராகும் என்று தடுப்பூசி போடப் போனபோது டாக்டர் சொன்னார்.

இந்த வண்டியால்தான் நடந்தாளா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. 15 மாதம் பத்து நாளில் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் மனைவியின் ஆயா வீட்டுக்குப் போயிருந்தோம், வண்டியை எடுத்துப்போகவில்லை. ஆயா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். பாப்பா கதவைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். ஆயா ஒரு சின்ன சில்வர் டம்ளரை நீட்டினார், அவள் ஒரு கையால் வாங்கினாள், இன்னொன்றை நீட்டினார், கதவை விட்டுவிட்டு அதையும் வாங்கினாள். இரண்டு கையிலும் டம்ளர், பிடிமானம் எதுவும் இல்லை, அதை மறந்துபோய் ஐந்து அடி நடந்து வந்து ஆயாவின் முறத்தில் உட்கார்ந்துவிட்டாள். கேழ்வரகு முழுக்கத் தரையில். "என் கண்ணு, நீ நடக்கசொல்ல இந்த ஆயா பார்த்துட்டேன்டி" என்று ஆயா அழுதுவிட்டார். வண்டி நடையைக் கொண்டுவரவில்லை, ஆனால் தன் கனத்தைத் தன் காலில் தாங்கி, காலைப் பார்த்து வைத்து, விழுந்து எழுந்து பழக அவளுக்கு இரண்டு மாதம் இடம் கொடுத்தது. வட்ட வாக்கர் அந்த இடத்தைக் கொடுக்காது.

யாருக்குப் பயன்படும்? எதையாவது பிடித்துத் தானாக எழுந்து நிற்கிற, சுவரோரமாகப் பக்கவாட்டில் அடி வைக்கிற குழந்தைக்கு. அதற்கு முன்னால் வாங்கி, குழந்தையின் கையை எடுத்துக் கைப்பிடியில் வைத்து நிற்கவைக்காதீர்கள். படி இருக்கிற வீடென்றால் வாசலில் ஒரு தடுப்பு கட்டாயம் வேண்டும், இந்த வண்டியும் படியில் உருளும்தான். ஐந்து மார்க்குக்கு நாலரை தருவேன், அரை மார்க் அந்தச் சத்தத்துக்காகக் குறைத்தது.

இப்போது பாப்பா நடை பழக அதைத் தள்ளுவதில்லை. முன் பலகையில் பொம்மை, என் செருப்பு, இரண்டு வெங்காயம் ஏற்றி சமையலறைக்கு டெலிவரி செய்கிறாள். செய்யச் சொல்லப் போகிறவர்கள் கையோடு குழந்தையையும் கூட்டிப் போங்கள், அளவு எழுதிக் கொடுத்தால் அந்தப் பெரியவருக்குத் திருப்தி இல்லை. பட்டறைத் தரை முழுக்கச் சுருள் சுருளாக மரச் சீவல் கிடக்கும், எங்களுடையது இறக்கிவிட்ட அரை நிமிஷத்தில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டது, இடுப்பிலேயே வைத்திருங்கள்.