பெயரைச் சொன்னால் மரபுச்சின்னம் தருகிறோம் என்பவர்களிடம் கவனமாக இருங்கள்

பிரிட்டனில் வசிக்கும் நம்மவர்கள் ஆங்கிலேய நண்பர்களுக்கோ, மேலதிகாரிகளுக்கோ, கலப்புத் திருமணத்தால் வந்த சம்பந்தி வீட்டாருக்கோ பரிசு தேடும்போது இணையத்தில் தவறாமல் கண்ணில் படும் பொருள் ஒன்று உண்டு. பரிசு பெறுபவரின் குடும்பப் பெயரைத் தட்டச்சு செய்தால் போதும். அந்தக் குடும்பத்தின் ‘கோட் ஆஃப் ஆர்ம்ஸ்’, அதாவது கேடயமும் தலைக்கவசமும் கொண்ட மரபுச்சின்னம், மரப்பலகையில் வண்ணம் தீட்டப்பட்டு வீட்டுக்கே வந்துவிடும் என்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்திடம் 140 பவுண்டு கொடுத்து வாங்கியதில் எனக்கு நேர்ந்ததையும், பணத்தைத் திரும்பப் பெற்ற விதத்தையும், வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

என் மகளின் மாமனார் பணி ஓய்வு பெற்றதையொட்டி அந்தப் பரிசை வாங்கினேன். அவர்களுடைய குடும்பப் பெயர் டெய்லர். விற்பனைப் பக்கத்தில், இது உங்கள் முன்னோர் தாங்கிய உண்மையான சின்னம் என்றும், வரலாற்று ஆய்வாளர்களால் சரிபார்க்கப்பட்டது என்றும், நம்பகத்தன்மைச் சான்றிதழுடன் அனுப்பப்படும் என்றும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பார்சலில் பலகையும், ஓரம் கருகியதுபோல் அச்சிடப்பட்ட காகிதத்தில் குடும்ப வரலாறும், பொன்னிற ஸ்டிக்கர் ஒட்டிய சான்றிதழும் இருந்தன. சான்றிதழில் கையொப்பமும் இல்லை, ஆய்வு செய்தவரின் பெயரும் இல்லை. சம்பந்தியோ தம் குடும்ப வரலாற்றைத் தாமே தேவாலயப் பதிவேடுகளிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளிலும் தேடி, லங்காஷயரில் தறி நெய்த முன்னோர் வரைக்கும் சென்றவர். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டவர், பலகையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இந்தத் தலைக்கவசம் மன்னருடையது போலிருக்கிறதே” என்று சிரித்தார். எங்கள் மனம் நோகாதபடி அத்துடன் பேச்சை மாற்றிவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். ஆங்கிலேய மரபில் தலைக்கவசத்தின் வடிவம் தாங்குபவரின் தகுதியைக் காட்டும். சாதாரணக் குடிமகனுக்கு முகமூடி மூடிய எஃகுக் கவசம், பக்கவாட்டில் திரும்பியபடி இருக்க வேண்டும். நேராக முன்னோக்கிய, கம்பிகள் கொண்ட பொற்கவசம் அரசருக்கு உரியது. எங்களுக்கு வந்த பலகையில் இருந்தது அதுதான். கேடயத்தின் இரு புறமும் இரண்டு சிங்கங்கள் அதைத் தாங்கி நின்றன. அத்தகைய தாங்கிகள் பிரபுக்கள், ‘கார்ட்டர்’ என்னும் உயரிய அரச விருது பெற்றவர்கள் போன்ற மிகச் சிலருக்கும் சில பொது அமைப்புகளுக்கும் மட்டுமே வழங்கப்படுகின்றன. பார்க்க ஆடம்பரமாக இருந்தால் வாங்குபவர் மகிழ்வார் என்ற கணக்கில், ஒரே அச்சுச் சட்டத்தை வைத்துக்கொண்டு நடுவில் உள்ள கேடயத்தை மட்டும் பெயருக்குப் பெயர் மாற்றுகிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் மற்ற பொருள்களைப் பார்த்தபோது புரிந்தது. எல்லாக் குடும்பங்களுக்கும் அதே சிங்கங்கள், அதே பொற்கவசம்.

ஆனால் இவை சில்லறைப் பிழைகள். அடிப்படைப் பிழை வேறு. இங்கிலாந்தில் ஒரு குடும்பப் பெயருக்கென்று மரபுச்சின்னம் என்பதே கிடையாது. சின்னம் ஒரு தனிமனிதருக்கு வழங்கப்படுகிறது. அவருக்குப் பின் அவருடைய முறையான ஆண்வழி வாரிசுகளுக்குச் செல்கிறது. ஆகவே ஒருவர் அதை உரிமையோடு தாங்க வேண்டுமானால், ஒன்று, அவருக்கே அது வழங்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது, அதைப் பெற்ற ஒருவரிடமிருந்து ஆண்வழியில் தாம் வந்ததை அவர் நிறுவ வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பது எதையும் நிறுவாது. இதை லண்டனில் புனித பால் பேராலயத்துக்கு அருகில், குயின் விக்டோரியா வீதியில் உள்ள காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் வெளிப்படையாகவே சொல்கிறது. மூன்றாம் ரிச்சர்டு மன்னர் 1484இல் சாசனம் கொடுத்து அமைத்த அந்த அமைப்புதான் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கான சின்னங்களை இன்றும் பதிவு செய்துவருகிறது. அங்குள்ள அலுவலர்கள் ஹெரால்டுகள் எனப்படுகிறார்கள்.

டெய்லர், ஸ்மித், பேக்கர் முதலிய பெயர்கள் தொழிலையொட்டி ஊருக்கு ஊர் தனித்தனியாகத் தோன்றியவை. ஓர் ஊர்த் தையற்காரருக்கும் நூறு மைல் தள்ளியிருந்த இன்னொரு தையற்காரருக்கும் எந்த உறவும் இருந்திருக்கத் தேவையில்லை. அவர்களுள் யாரோ ஒருவரின் பேரன் செல்வம் சேர்த்து, ஹெரால்டுகளிடம் விண்ணப்பித்துச் சின்னம் பெற்றிருந்தால் அது அவருடைய வழியினருக்கு மட்டுமே உரியது. நாட்டிலுள்ள அத்தனை டெய்லர்களுக்கும் அது பொதுச்சொத்து ஆகிவிடாது.

பெயர் ஒற்றுமை எவ்வளவு பொருளற்றது என்பதற்கு ஷேக்ஸ்பியர் குடும்பத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. நாடக ஆசிரியரின் தந்தை ஜான் ஷேக்ஸ்பியருக்கு 1596 அக்டோபரில் சின்னம் வழங்க வரையப்பட்ட ஆவணங்கள் இன்றும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில் இருக்கின்றன: பொன்னிறக் கேடயம், அதன் குறுக்கே சாய்வாகக் கறுப்புப் பட்டை, பட்டையின்மேல் வெள்ளி முனை கொண்ட ஈட்டி. வில்லியமின் ஒரே மகன் ஹேம்னெட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, பதினோரு வயதில் இறந்துவிட்டான். வில்லியமின் தம்பிமாருக்கும் முறையான ஆண்வழி நிலைக்கவில்லை. எனவே 1616இல் வில்லியம் இறந்ததோடு அந்தச் சின்னத்தைத் தாங்க ஷேக்ஸ்பியர் என்ற பெயரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அவருடைய பேத்தி எலிசபெத்தும் 1670இல் குழந்தையின்றி இறந்தார். இன்று ஷேக்ஸ்பியர் என்ற பெயரோடு வாழும் ஒருவர் அந்த ஈட்டிக் கேடயத்தைச் சுவரில் மாட்டி, இது எங்கள் குடும்பச் சின்னம் என்றால், இறந்துபோன ஒரு வழியின் உடைமையைத் தம்முடையதென்று சொல்கிறார் என்றுதான் பொருள். இவ்வளவு புகழ்பெற்ற, ஆவணங்கள் கிடைக்கிற குடும்பத்துக்கே நிலை இதுவென்றால், லங்காஷயர் நெசவாளரின் வழிவந்த என் சம்பந்திக்கு ஏதோ ஒரு டெய்லரின் கேடயத்தை விற்பதற்கு என்ன ஆதாரம் இருக்க முடியும்?

அவர்கள் காட்டும் ஆதாரம் பெரும்பாலும் பழைய தொகுப்பு நூல்கள்தான். பெர்னார்டு பர்க் தொகுத்த ‘ஜெனரல் ஆர்மரி’ நூலின் 1884ஆம் ஆண்டுப் பதிப்பில் பல்லாயிரக்கணக்கான சின்னங்களின் விவரிப்புகள் குடும்பப் பெயர் வரிசையில் உள்ளன. ஐரோப்பியக் கண்டத்துப் பெயர்களுக்கு ரீட்ஸ்டாப் தொகுத்த ‘ஆர்மோரியால் ஜெனரால்’ உண்டு. தேடுபவர்களுக்குப் பயன்படும் நூல்கள்தாம். ஆனால் பர்க்கின் நூலில் உரிமை உறுதிப்படாத பதிவுகளும் கலந்திருக்கின்றன, பரவலான ஒரு பெயரின்கீழ் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல சின்னங்களும் வரிசையாக நிற்கின்றன. விற்பவர்கள் அந்த வரிசையில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எந்த ஊர், எந்த டெய்லருக்கு உரியது என்ற விவரத்தை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய பிறகு மிஞ்சுவது பெயர் மட்டுமே. அதே தளத்தில் டெய்லர் என்ற பெயரை எழுத்து மாற்றி மாற்றித் தட்டச்சு செய்து பார்த்தேன். கேடயமும் மாறவில்லை, குடும்ப வரலாற்றின் வாசகமும் மாறவில்லை, தலைப்பில் உள்ள எழுத்துக்கூட்டல் மட்டும் மாறியது.

நிறுவனத்துக்கு எழுதி, இந்தச் சின்னம் எந்த டெய்லருக்கு, எந்த ஆண்டில், எந்த ஹெரால்டால் வழங்கப்பட்டது என்று கேட்டேன். சுற்றி வளைத்து வந்த பதிலின் சாரம் இதுதான்: இது டெய்லர் என்ற பெயரோடு தொடர்புடைய ஒரு வடிவம், அலங்காரப் பயன்பாட்டுக்கானது, குறிப்பிட்ட எந்தக் குடும்பத்தின் வம்சாவளியையும் நாங்கள் உறுதிசெய்வதில்லை, இது எங்கள் நிபந்தனைகளில் உள்ளது. உண்மையில் இருந்தது, பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். அப்படியானால் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றபோது, இது உங்களுக்கென்றே தனிப்பட்ட முறையில் தயாரிக்கப்பட்ட பொருள், ஆகையால் திருப்பி எடுக்க இயலாது என்றார்கள். பணம் வாங்கும்போது முன்னோர் தாங்கிய சின்னம். கேள்வி கேட்டால் பெயர்கொண்ட எவருக்கும் பொருந்தும் அலங்காரம். பணத்தைத் திரும்பக் கேட்டால் மறுபடியும் நமக்கென்றே செய்த தனிப்பொருள். இந்த முரண்பாட்டில்தான் இவர்களுடைய வியாபாரம் முழுவதும் நடக்கிறது என்பது என் கருத்து.

சட்ட நிலையைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் இணையவழி வாங்கிய பொருளைப் பெற்ற 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே விலக்கிக்கொள்ளும் உரிமை 2013ஆம் ஆண்டு விதிகளின்படி உண்டு. ஆனால் வாங்குபவருக்கென்றே தனித்துச் செய்த பொருள்களுக்கு அது பொருந்தாது. விற்பவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். எனினும், பொருள் விளம்பரத்தில் சொன்ன விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்ற 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் நிபந்தனை தனிப்பொருள்களுக்கும் பொருந்தும். நான் கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தேன். விலை 100 பவுண்டைத் தாண்டியிருந்ததால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவின்கீழ் அட்டை வழங்கிய வங்கியிடமே உரிமை கோர முடிந்தது. விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், நிறுவனத்தின் பதில்கள், பெயருக்குச் சின்னம் கிடையாது என்று காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் சொல்லும் பகுதி ஆகியவற்றை இணைத்து அனுப்பினேன். வங்கி சில வாரங்கள் இழுத்தடித்தாலும் பணம் திரும்ப வந்தது. டெபிட் கார்டில் வாங்கியவர்களுக்கு இந்தப் பிரிவு உதவாது. அவர்கள் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது செலுத்திய தொகையை விற்பவரிடமிருந்து திரும்ப எடுத்துத் தரும்படி, கோரலாம், ஆனால் அது சட்ட உரிமை அன்று.

மரபுச்சின்ன உரிமையை மீறினார்கள் என்ற பெயரில் இங்கிலாந்தில் இவர்கள்மீது நடவடிக்கை வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்குரிய சிவல்ரி நீதிமன்றம், மான்செஸ்டர் மாநகராட்சி தன் சின்னத்தைப் பயன்படுத்திய ஓர் அரங்க நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்குக்காக 1954இல் கூடியது. அதற்கு முன் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அது கூடியதே இல்லை. ஸ்காட்லாந்தில் நிலை வேறு. அங்கே மரபுச்சின்னங்களுக்கென்று எடின்பரோவிலுள்ள லார்டு லயன் நீதிமன்றத்துக்கு 1672ஆம் ஆண்டுச் சட்டத்தின் வலிமை உண்டு. பிறர் சின்னத்தைத் தமதென்று பயன்படுத்துவது குற்றம். எடின்பரோக் கடைகளில் விற்கும் வார்ப்பட்டை சூழ்ந்த குலப் பதக்கத்தை, ‘கிளான்’ எனப்படும் அந்த ஸ்காட்லாந்துக் குலத்தைச் சேர்ந்தவர் அணியலாம், ஆனால் அதிலுள்ள உருவம் குலத்தலைவருடையது. அணிபவர் தலைவரைச் சார்ந்தவர் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. அந்த அளவில் அது நேர்மையான பரிசு.

உண்மையிலேயே ஒருவருக்குச் சின்ன உரிமை உண்டா என்று அறிய வேண்டுமானால், காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில் பணியிலிருக்கும் ஹெரால்டுக்கு எழுதலாம். பதிவேடுகளைத் தேடக் கட்டணம் உண்டு. அதற்குமுன் சம்பந்தப்பட்டவரின் ஆண்வழியைப் பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கொண்டு தொகுத்து வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சின்னம் பெறுவது பல ஆயிரம் பவுண்டு ஆகும் காரியம். அப்படிப் பெறுபவருக்குத் தோல்தாளில் வண்ணம் தீட்டி, கையொப்பமிட்டு, மெழுகு முத்திரைகள் தொங்கும் சாசனம் கிடைக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டிய சான்றிதழை அதன் அருகில் வைத்தால் குழந்தைக்கும் வேறுபாடு தெரியும். குடும்ப வரலாற்றில் ஆர்வமுள்ளவருக்குப் பரிசு தர விரும்பினால், அவருடைய பாட்டனாரின் பிறப்புச் சான்றிதழ்ப் படியை அரசின் பொதுப் பதிவு அலுவலகத்திலிருந்து இருபது பவுண்டுக்கும் குறைவாகவே பெற்றுச் சட்டமிட்டுக் கொடுக்கலாம். நாங்கள் பிறகு அதைத்தான் செய்தோம். இப்போது சம்பந்தி வீட்டு வரவேற்பறையில் இருப்பது அந்தச் சட்டம்தான்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள், விற்பனைப் பக்கம் மாற்றப்படுவதற்கு முன் அதை முழுமையாகப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருப்பவர்கள் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்னும் ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவிப் பிரிவில் புகார் செய்தால், அது வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் உள்ளூராட்சியின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அலுவலகத்துக்கு அனுப்பப்படும். என் புகாரும் அங்கே பதிவாகியிருக்கிறது. நான் இதை எழுதும் நேரம் வரை, அந்தத் தளத்தில் அதே வாசகம் அதே பெரிய எழுத்தில்தான் நிற்கிறது.