பூத் சிலிப்பா, கிராம சபையா, பத்து ரூபாய் மனுவா?

மேலூர் பக்கம் எங்கள் ஊரில் இரண்டு தேர்தலுக்குக் கட்சிக்காகப் பூத் வேலை பார்த்தேன். அப்புறம் கிராம சபைக்குப் போக ஆரம்பித்தேன், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போடவும் பழகினேன். ஊருக்கு ஏதாவது செய்யணும் என்று வரும் தம்பி தங்கைகள் எதில் இறங்கலாம் என்று கேட்கிறார்கள்.

பூத் வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்கினால்தான் யார் திருப்பூருக்குப் போய்விட்டார்கள், எந்தப் பிள்ளைக்கு 18 முடிந்தும் பெயர் சேரவில்லை என்பதெல்லாம் தெரியும். பட்டியலில் பெயர் சேர்க்க நிரப்பிக் கொடுத்த படிவம் 6 எல்லாம் வீண்போகாத வேலை. ஆனால் ஒரு பாட்டி சிலிப்பை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டே, "குழாயில தண்ணி வந்து பதினோரு நாளாச்சு. அதுக்கு ஏதும் சீட்டு வச்சிருக்கியாய்யா?" என்றார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். ஓட்டுப்பதிவு முடிந்ததும் கட்சியிலும் அதைக் கேட்க ஆளில்லை.

அந்தத் தண்ணீருக்காகத்தான் கிராம சபைக்குப் போனேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம். முதல் தடவை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டோம், பேசினோம், கிளம்பி வந்துவிட்டோம். பிறகு பார்த்தால் தீர்மானப் புத்தகத்தில் எங்கள் குழாய் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த கூட்டத்துக்குத் தீர்மானத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போய் வாசித்தோம். புத்தகத்தில் ஏறும் வரை பெண்கள் இருபது பேர் எழுந்திருக்கவே இல்லை. செல்போனில் படமும் எடுத்துக்கொண்டோம். இரண்டு மாதத்தில் மோட்டார் மாறியது.

அரிட்டாபட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏல விவரம் வெளியே வந்ததும் சுற்றுவட்டார கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7-ல் மதுரைக்குப் பேரணி, 23-ம் தேதி ஏலம் ரத்து. கிராம சபை தனியாகச் சாதித்தது என்று சொல்ல முடியாது. கட்சிகளும் நின்றன, பல்லாயிரம் பேர் நடந்தார்கள். ஆனாலும் ஊர் வேண்டாம் என்றது எழுத்தில் இருந்தது.

ஆர்டிஐக்குக் கூட்டம் சேர்க்கவே வேண்டாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. "ஏன் தண்ணீர் வரவில்லை" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. மோட்டார் பழுதுக்கான பில் நகலைக் கேட்க வேண்டும். ஒற்றை ஆளாகவே போட்டுக்கொண்டிருந்தால் ஊரில் பகைதான் மிஞ்சும், எனக்கு அது நடந்தது.

என்னைக் கேட்டால் கிராம சபைக்குத்தான் முதலிடம். ஆர்டிஐ அதற்குக் கைத்துணை. ஆகஸ்ட் 15 கூட்டம் முடிந்த வாரமே மனுவைப் போட்டுவிடுங்கள், அக்டோபர் 2-ல் வாசிக்க நகல் கையில் இருக்கும்.