பழைய நிக்கோரா, புதிய வெஸ்பிடா? கடலோர ஊரில் ஒரு லென்ஸ் செட்

சின்ன பட்ஜெட்டில் ஆவணப்படமும் குறும்படமும் எடுக்கிற எங்களைப் போன்றவர்கள் சொந்தமாக லென்ஸ் செட் வாங்க நினைத்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, டிஇசட்ஓஃபிலிம் நிறுவனம் 2020இல் கொண்டுவந்த வெஸ்பிட் பிரைம் போன்ற புதிய சினி லென்ஸ்கள். இன்னொன்று, ஸ்டில் கேமராக்களுக்காக நிக்கான் செய்த பழைய ஏ.ஐ.-எஸ் வரிசை நிக்கோர் லென்ஸ்களைத் தேடி வாங்கி, ஃபோகஸ் மோட்டார் பிடித்துச் சுற்றப் பல்சக்கரம் மாட்டி, சினிமாவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது. நான் வாங்கியது நிக்கோர். திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன். மூன்றரை வருடமாக அந்த லென்ஸ்களும் என்னோடுதான் இருக்கின்றன.

சாம்யாங்கின் வீடிஎஸ்எல்ஆர் வரிசையையும் பார்த்தேன். டி1.5 என்பது இரவுக் காட்சிக்குப் பெரிய பலம் (இந்த எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்). ஆனால் கையில் எடுத்துப் பார்த்தபோது கட்டமைப்பு எனக்குத் திருப்தியாக இல்லை. சிக்மாவின் ஃபுல் ஃபிரேம் சினி லென்ஸ்கள் அருமையானவை. விலையும் எடையும் என் கைக்கு அப்பாற்பட்டவை. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெஸ்பிட் எங்கே ஜெயிக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு எடுத்து இரண்டு படப்பிடிப்புகளில், மொத்தம் எட்டு நாள் அதில் வேலை செய்தேன். செட்டின் பெரும்பாலான லென்ஸ்கள் டி2.1. முன்பக்க விட்டம் 80 மி.மீ. லென்ஸ் மாற்றும்போது, தேவையற்ற வெளிச்சத்தை மறைக்க முன்னால் மாட்டும் மேட் பாக்ஸைக் கழற்றி அளவு மாற்றும் வேலையே இல்லை, ஃபோகஸ் மோட்டாரும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். ஃபோகஸ் வளையம் முக்கால் சுற்று சுற்றுகிறது. அதனால் ஃபோகஸ் புல்லருக்கு, அதாவது ஷாட் ஓடும்போது ஃபோகஸைப் பார்த்துக்கொள்ளும் அசிஸ்டெண்டுக்கு, குறி வைக்கத் தாராளமாக இடம் கிடைக்கிறது. நிக்கோரில் இந்த வசதி கிடையாது. சுற்று குறைவு, அதுவும் சினி லென்ஸுக்கு எதிர்த்திசையில் சுற்றும். பழகிய அசிஸ்டெண்ட்கூட முதல் நாள் தடுமாறுவார். ஃபோகஸ் மாறும்போது ஃபிரேம் சுருங்கி விரிவதும் நிக்கோரில் நன்றாகவே தெரியும். தனியாக ஃபோகஸ் புல்லர் வைத்து, ஒரு நாளைக்கு முப்பது ஷாட் எடுக்கிற படம் என்றால் நான் வெஸ்பிட்டைத்தான் வாடகைக்கு எடுப்பேன்.

அப்புறம் ஏன் நிக்கோர்?

என் செட்டில் 24 மி.மீ. எஃப்2.8, 35 எஃப்2, 50 எஃப்1.4, 85 எஃப்2, 105 எஃப்2.5 என்று ஐந்து லென்ஸ்கள் உள்ளன (எஃப் என்பது ஸ்டில் லென்ஸ்களில் டி போன்ற அளவு). ஐந்துக்கும் ஃபில்டர் அளவு 52 மி.மீ.தான். ஒரு லேத் பட்டறையில் சொல்லி, ஐந்துக்கும் 80 மி.மீ. முன்வளையம் செய்து மாட்டிவிட்டேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அப்பெர்ச்சர் வளையம் ‘டக் டக்’கென்று நின்று நகரும் அமைப்பை எடுத்தாயிற்று, வழுக்கிக்கொண்டு போகிறது. லென்ஸ்கள், வளையங்கள், பல்சக்கரம், கூலி எல்லாம் சேர்த்து வந்த செலவு ஏறக்குறைய இரண்டு வெஸ்பிட் லென்ஸ்களின் விலை. லென்ஸ் கேமராவில் பொருந்தும் மவுண்டும் தொல்லை தரவில்லை. நிக்கான் எஃப் மவுண்டில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம், கேனான் இஎஃப் 44 மி.மீ., சோனி ஈ 18 மி.மீ. கேமராவின் தூரம் குறைவு என்பதால், மீதியை நிரப்பக் கண்ணாடி இல்லாத ஓர் எளிய அடாப்டர் போதும். இஎஃப் மவுண்ட் உள்ள பிளாக்மேஜிக் பாக்கெட் 6கே கேமராவிலிருந்து சோனி எஃப்எக்ஸ்3-க்கு மாறியபோது அடாப்டர் மட்டும்தான் மாறியது. சினிமா கேமராக்களில் வரும் பிஎல் மவுண்டில் மட்டும் இந்த வழி நடக்காது, அதன் தூரம் 52 மி.மீ., நிக்கானைவிட அதிகம்.

இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். என்னை நிக்கோர் பக்கம் உறுதியாகத் தள்ளியது பூஞ்சை.

முதல் வடகிழக்குப் பருவமழையில் தெரியாமல் ஒரு தப்பு செய்தேன். ஐந்து லென்ஸ்களையும் ஸ்பாஞ்சு வைத்த பெட்டியில் மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட ஸ்பாஞ்சும் இருட்டும் இருந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? ஜனவரியில் ஒரு பேட்டி எடுத்தோம். பேசுகிறவருக்குப் பின்னால் ஜன்னல். 50-ஐ மாட்டியதும் கறுப்பெல்லாம் சாம்பலாகி, படம் முழுக்க ஒரு மெல்லிய பால் திரை. அதற்கு முன்பு கேமராவுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தபோது எதுவுமே தெரிந்திருக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், உள்கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் போல ஓடியிருந்தது.

பாரிமுனைப் பக்கம் கேமரா பழுது பார்க்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, கோட்டிங்கை இன்னும் தின்னல. இப்பவே வந்துட்டீங்க, காப்பாத்திடலாம்” என்றார். பூஞ்சை வெறுமனே படிந்திருக்கிற வரையில் துடைத்துவிடலாம். நாளானால் அது வெளியிடும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சான கோட்டிங்கை அரித்துவிடும், அந்தத் தழும்பு போகாது. இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய இடத்துக்குள் புகுந்துவிட்டால் கிட்டத்தட்ட கைவிட வேண்டியதுதான். 50 எஃப்1.4-இல் ஏழு கண்ணாடிகள். அவற்றில் ஒட்டிய ஜோடி ஒன்றே ஒன்று, அதைப் பூஞ்சை தொடவில்லை.

அவர் முன்வளையத்தை ரப்பர் கோப்பையால் திருகி எடுத்தார், கண்ணாடிகளை வரிசையாக அடுக்கித் துடைத்தார். ஃபோகஸ் மரையைப் பிரிக்கும் முன்பு, அது பிரிகிற இடத்தில் ஊசியால் ஒரு கோடு கீறிக்கொண்டார். அந்த மரை நுழையத் தொடங்கும் இடங்கள் பல உண்டு. மறுபடி தப்பான இடத்தில் நுழைத்தால் லென்ஸ் தொலைதூரத்துக்கு ஃபோகஸ் ஆகாது. பழைய கிரீஸை வழித்துப் புதியது போட்டு, சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரிடம் இருந்தது ஒரு மேசை, சில ஸ்க்ரூ டிரைவர்கள், அப்புறம் பல வருடக் கைப்பழக்கம்.

சினி லென்ஸை இந்த மேசையில் வைத்துப் பிரிக்க எனக்குத் துணிச்சல் வராது. அதன் ஃபோகஸ் குறிகள் துல்லியமாக இருக்க வேண்டும். மவுண்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகள் கொஞ்சம் மாறினாலும் ‘ஆறடி’ என்று குறித்த இடத்தில் ஆறடி நிற்காது. திரும்பச் சேர்த்ததும் கருவியில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அந்த வசதி வாடகை நிறுவனங்களிடம் இருக்கும், தனி ஆளுக்கு எளிதில் கிடைக்காது. வெஸ்பிட்டில் பூஞ்சை அதிகம் வரும் என்று நான் சொல்லவில்லை. எட்டு நாள் பழக்கத்தில் அதைச் சொல்லவும் முடியாது. இந்த ஈரக்காற்றில் எந்த லென்ஸுக்கும் வரலாம், வந்தால் திறக்க யார் இருக்கிறார் என்பதுதான் என் கணக்கு.

நிக்கோரிலும் எல்லாம் எளிது என்று நினைத்துவிட வேண்டாம். என் 24-இல் ஃபோகஸ் செய்யும்போது உள்ளே கண்ணாடித் தொகுதிகளுக்கு இடையிலான தூரமும் மாறும். அதைப் பிரிக்கப் பெரியவரே தயங்குவார். அதனால் அந்த ஒன்றுக்கு மட்டும் கூடுதல் கவனம். 105-இல் ஐந்தே கண்ணாடிகள், கவலையே இல்லை.

இப்போது ஸ்பாஞ்சு பெட்டி படப்பிடிப்புக்குப் போகும்போது மட்டும். வீட்டில் டிரை கேபினட், ஈரப்பதம் 45 சதவீதத்தில் நிற்கும். வேலை இல்லாத வாரத்திலும் ஒவ்வொரு லென்ஸையும் வெளியே எடுத்து, ஃபோகஸையும் அப்பெர்ச்சரையும் இரண்டு முறை முழுக்கச் சுற்றிவிட்டு வைக்கிறேன்.

அடுத்து 28 மி.மீ. எஃப்2.8 ஏ.ஐ.-எஸ் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். 20 செ.மீ. வரை நெருங்கிப் போகலாம், கைவேலை செய்கிறவர்களின் விரல்களை எடுக்க அதுதான் வேண்டும். சென்ற வாரம் ஒன்று வந்தது, வெளியே கீறல்கூட இல்லை. அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். ஓரத்தில் மூன்று நூல் தெரிந்தது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.