வாழைச்சேனையிலிருந்து உகந்தை வரை: பஸ்ஸிலும் பாதையிலும் பதினொரு நாட்கள்

"வாடகைக்கு வான் பிடித்துத் தருகிறேன் மகள். இந்தக் கச்சான் காற்றில் பஸ்ஸில் ஏறி இறங்கி என்ன பாடு படப்போகிறீர்கள்?" என்று ஆரையம்பதியிலிருந்து மாமா மூன்று முறை தொலைபேசியில் கேட்டார். மூன்று முறையும் வேண்டாம் என்றேன். 1990இல் ஒன்பது வயதில் ஊரை விட்டவள் நான். அதன்பிறகு இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன். இரண்டு தடவையும் கண்ணாடி ஏற்றிய வானுக்குள் இருந்துதான் என் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பார்த்தேன். கல்யாண வீடு, கோயில், திரும்பவும் கட்டுநாயக்கா விமான நிலையம். என் கணவர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். இலங்கையின் கிழக்கில் கால் வைத்ததே இல்லை. ஜூலை மாதத் தொடக்கத்தில் ஆளுக்கொரு முதுகுப்பையோடு இறங்கினோம். ஊர்ச்சனம் எதில் போகிறதோ அதில் போவது, எங்கே சாப்பிடுகிறதோ அங்கே சாப்பிடுவது என்று முன்பே பேசிவைத்திருந்தோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருந்து அடுத்த விடுமுறைக்குப் புறப்படும் நம்மவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலையில் புறப்படும் உதயதேவியில் ஆசனங்களை முன்கூட்டியே பதிவு செய்திருந்தோம். விடுமுறைக் காலத்தில் அப்படிச் செய்யாவிட்டால் நின்றுகொண்டு வர வேண்டியிருக்கும். கல்லோயாச் சந்தியைத் தாண்டினால் காடு. யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் இடங்களில் ரயில் நடக்கும் வேகத்துக்கு வந்துவிடுகிறது. அவசரம் உள்ளவர்களுக்கு ஏற்ற பயணம் இது இல்லை. மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும்போது என் கணவர் கதவருகே போய் நின்றவர், வெலிக்கந்தை, புனாணை என்று ஒவ்வொரு நிலையப் பெயராக வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்தார். செய்திகளில் மட்டும் கேட்டிருந்த பெயர்கள் அவருக்கு. வாழைச்சேனையில் இறங்கினோம்.

கல்குடாவில் ஒரு குடும்பம் தங்கள் வீட்டின் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறது. மின்விசிறி, நுளம்புவலை, கிணற்றடிக் குளியல், காலையில் பிட்டும் மீன் குழம்பும். வேறென்ன வேண்டும்? அங்கிருந்து நடந்தே பாசிக்குடாவுக்குப் போகலாம். போர் முடிந்த பிறகு வரிசையாக எழுந்த பெரிய ஹோட்டல்கள் கரையின் பெரும்பகுதியைப் பிடித்திருக்கின்றன. ஊர்ச்சனம் குளிக்கும் பகுதி ஒரு பக்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பாருங்கள். ஓட்டமாவடியிலிருந்து வந்த குடும்பங்களும் பொலன்னறுவையிலிருந்து பஸ் நிறைய வந்த சிங்களக் குடும்பங்களும் ஒரே ஆழமற்ற தண்ணீரில் இடுப்பளவுக்கு நிற்கிறார்கள். வெகுதூரம் நடந்தாலும் கழுத்துக்கு வராத கடல் அது.

அந்த மணலில்தான் என் கணவரின் உள்ளங்காலில் உடைந்த போத்தல் துண்டு ஏறியது. ரத்தம் நிற்கவில்லை. வழியில் இருந்த ஓர் அரச வைத்தியசாலைக்கு முச்சக்கரவண்டியில் போனோம். வெளிநோயாளர் பிரிவில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். காயத்தைக் கண்டதும் தாதி ஒருவர் வரிசையில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. காயத்தைக் கழுவி, மூன்று தையல் போட்டு, ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசியும் போட்டார்கள். காசு எவ்வளவு என்று என் கணவர் கேட்டபோது அந்த இளம் மருத்துவர், "இது அரச ஆஸ்பத்திரி அண்ணா" என்று மட்டும் சொன்னார். எழுதிக் கொடுத்த மருந்து உள்ளே இருக்கவில்லை. வெளியே மருந்துக் கடையில் வாங்கினோம். எங்களுக்கு அது பெரிய தொகையில்லை. எங்களுக்குப் பின்னால் அதே போன்ற மருந்துச் சீட்டோடு நின்ற மீன்பிடித் தொழிலாளி, மூன்று நாள் மருந்தை மட்டும் தரும்படி கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஊருக்குப் பணம் அனுப்பும் சங்கங்கள் நம்மிடம் எத்தனையோ இருக்கின்றன. கோயில் கோபுரத்துக்குச் சேர்ப்பதில் ஒரு பங்கை இப்படியான வைத்தியசாலைகளின் மருந்து அலுமாரிக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மட்டக்களப்பு நகரைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். கல்லடியில் 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலத்தில் மாலையில் நடந்தோம். பக்கத்தில் 2013இல் திறந்த புதிய பாலத்தில் வாகனங்கள் ஓடின. வாவியில் பாடும்மீன் ஓசையைக் கேட்க இரவில் தோணியில் போனோம். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைக்கச் சொன்னார் தோணிக்காரர். மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்டது. அப்பா சொன்னதும் அதுதான்.

பாதையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மட்டக்களப்பார் பாதை என்று சொன்னால் அது வாவியைக் கடக்கும் மிதவையையும் குறிக்கும். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான எங்கள் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. களுவாஞ்சிகுடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, குருமண்வெளித் துறைக்குப் போய், மண்டூருக்குப் போகும் பாதையில் ஏறினோம். மோட்டார் சைக்கிள்கள், நெல் மூட்டை, வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள், கோழிக்கூட்டோடு ஒருவர், முதுகுப்பையோடு நாங்கள். பாதை அந்தக் கரையில் நின்றால் அது திரும்பி வரும்வரை காத்திருப்பதுதான். எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன். "இப்ப வரும் மனே" என்றார் ஒரு பெரியவர். மனே! பிள்ளையே என்று அன்பாக அழைக்கும் எங்கள் ஊர்ச் சொல்; என் அம்மம்மா வாயிலிருந்து கடைசியாகக் கேட்டது. யாழ்ப்பாணத்துக் காதுக்கு அது என்ன என்று விளங்காமல் கணவர் என்னைப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாடகை வானில் போயிருந்தால் வாவியைச் சுற்றிப் பாலத்தால் போயிருப்போம். அந்தச் சொல் என் காதில் விழுந்திருக்காது. மண்டூர் முருகன் கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்ததைப் பார்த்துவிட்டு, வெயில் தாழ மறுபாதையில் திரும்பினோம்.

தெற்கே போகும் வழியில் பெரிய பஸ் நிலையம் ஒன்றில் நடந்ததை எழுதும்போது இன்னும் கோபம் வருகிறது. பெண்களுக்கான மலசலகூடம் பூட்டியிருந்தது. சாவி யாரோ ஒருவரிடம் இருக்கிறது, அவர் சாப்பிடப் போய்விட்டார் என்றார்கள். அரைமணி நேரத்துக்குப் பின் திறந்தால் உள்ளே தண்ணீர் இல்லை. பக்கத்தில் நின்ற ஆசிரியை ஒருவர், தினமும் அந்த நிலையத்தில் இரண்டு பஸ் மாறிப் பாடசாலைக்குப் போகிறவர், என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "நாங்கள் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை தங்கச்சி. பள்ளிக்கூடம் போய்த்தான் குடிப்போம்." கச்சான் காற்று தோலை உரிக்கும் மாதத்தில் ஒரு பெண் தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போகிறார். அங்கே புதிய கட்டடம் இருக்கிறது, திறந்துவைத்தவர்களின் பெயர் பொறித்த கல்லும் இருக்கிறது. ஒரு பூட்டும் ஒரு குழாயும் மட்டும் சரியில்லை. கடைசியில் எதிரே இருந்த புடவைக்கடைக்காரரின் மனைவி என்னைத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போனார். கை கழுவ வாளியில் தண்ணீர் வைத்துவிட்டு, "வெட்கப்படாமல் வாருங்கள், ஒரு நாளைக்கு நான்கு பேராவது இப்படி வருவார்கள்" என்றார். பெண்கள் இந்தக் கரையில் பயணம் செய்வதென்றால் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் பக்கத்துக் கடைகளைக் கேளுங்கள், தயங்கவே வேண்டாம். ஆனால் அந்த ஆசிரியை தினமும் யாருடைய வீட்டைத் தட்டுவது?

கல்முனையிலிருந்து பொத்துவில் பஸ். இருவருக்கும் சேர்த்துக் கட்டணம் ஆயிரம் ரூபாவை எட்டவில்லை. ஏறும்போதே கூட்டம். பைகளை எங்கே வைப்பது என்று திகைத்து நின்றபோது, இருக்கையில் இருந்த அம்மா ஒருவர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டி என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு கிலோ! கணவரின் பையைப் பள்ளி மாணவன் ஒருவன் வாங்கிக்கொண்டான். நிற்பவரின் சுமையை இருப்பவர் மடியில் வாங்குவது நம் ஊர்ப் பஸ்களின் வழக்கம் என்பதையே நான் மறந்திருந்தேன். நடத்துநர் மிச்சக் காசை டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதித் தந்துவிட்டு, அக்கரைப்பற்று தாண்டியபின் தேடி வந்து கொடுத்தார். ஆயிரம், ஐயாயிரம் ரூபாத் தாள்களை நீட்டி அவர்களைச் சங்கடப்படுத்தாமல், இருபது, ஐம்பது, நூறாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வழியில் காரைதீவைக் கடந்தோம். விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். அவருடைய சமாதியைக் கல்லடியில் கும்பிட்டுவிட்டு வந்திருந்ததால் நான் சாளரத்தால் எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். சாய்ந்தமருது, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிகமான உயிர்களை இழந்தது இந்த அம்பாறைக் கரைதான். பஸ்ஸில் அதைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. என் பையை வைத்திருந்த அம்மாவே, ஓரிடத்தில் கடற்பக்கம் கையைக் காட்டி, "எங்கள் வீடு அங்கே இருந்தது" என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை.

அறுகம் குடாவில் எனக்கு நேர்ந்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஜூலை அங்கே அலைச்சறுக்குக் காலம். உலகம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் பலகையோடு வந்து இறங்குகிறார்கள். கடலோர விடுதி ஒன்றின் வாசலில் நின்று தமிழில் அறை கேட்டேன். பணியில் இருந்த இளைஞர், "உள்ளூர் ஆட்களுக்குக் கொடுப்பதில்லை அக்கா, வெளிநாட்டவருக்கு மட்டும்தான்" என்றார். சொல்லும்போது அவருக்கே முகம் வாடியது; முதலாளியின் கட்டளை. கணவர் கனடாக் கடவுச்சீட்டை எடுத்துக் காட்டினார். உடனே, "அப்படியென்றால் இருக்கிறது" என்றார். நான் கணவரின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டேன். என் மாமா மகள் வந்து கேட்டால் இல்லாத அறை எனக்கும் வேண்டாம். கடவுச்சீட்டைக் காட்டி இப்படியான இடங்களில் தங்கும் நம்மவர்களை மன்றாடிக் கேட்கிறேன்: திரும்பி நடங்கள். உள்ளே உல்லை ஊருக்குள் நடந்தால் வீடுகள் இருக்கின்றன. எங்களுக்கு அறை தந்த ராத்தா (முஸ்லிம் அக்கா) கடவுச்சீட்டைக் கேட்கவில்லை, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். ஓர் இரவுக்கு நாலாயிரம் ரூபா. இரவில் ரொட்டியும் மாட்டிறைச்சிக் கறியும்; விடியற்காலையில் எருமைத் தயிரும் சர்க்கரையும். கணவரின் காலைப் பார்த்துவிட்டு, தையல் நனையக்கூடாது என்று வாசலில் வாளியும் குவளையும் தனியாக வைத்தார்.

கடைசி நாள் பாணமை வரை பஸ், அங்கிருந்து முச்சக்கரவண்டியில் உகந்தை முருகன் கோயில். கதிர்காமக் கொடியேற்றக் காலத்தில் குமண காட்டுப் பாதையைச் சில நாட்களுக்கு மட்டும், கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களுக்குத் திறக்கிறார்கள். நாங்கள் போனது அந்த நாட்களில். மலையடியில் ஆயிரக்கணக்கான சனம். தண்ணீர்த் தாங்கிகள் நிறைந்திருந்தன, அன்னதானம் ஓயாமல் நடந்தது, முதலுதவிக் கொட்டில் இருந்தது. பெண்களுக்குத் தனியாக மறைப்புக் கட்டி, தண்ணீரும் வைத்து, ஒரு பிள்ளையைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். தகரமும் சாக்கும்தான். ஆனால் பூட்டு இல்லை, தண்ணீர் இருந்தது.

வேப்பமர நிழலில் இருந்த முதிய அம்மா ஒருவர் கணவரின் பேச்சைக் கேட்டுத் திரும்பினார். "எந்த ஊர் தம்பி?"

"உடுப்பிட்டி, அம்மா."

"நான் வல்வெட்டித்துறை. சந்நிதியிலிருந்து நடந்து வருகிறேன்." தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேலோடு புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கரையோரமாகவே நடந்து வந்த கூட்டத்தில் ஒருவர். எழுபது வயதுக்குக் குறையாது. கால் வெடித்திருந்தது. கணவர் அவரருகே மணலில் இருந்து, வழியில் எங்கே தங்கினீர்கள், யார் சோறு போட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கோயில்களில் படுத்தோம், முஸ்லிம் ஊர்களில் தண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள் என்றார் அவர். பிறகு எங்களிடம், "நீங்கள் எதில் வந்தீர்கள்?" என்றார்.

"பஸ்ஸில், அம்மா."

"நல்லது" என்று எழுந்தார். அவருடைய குழு காட்டு வாசலை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. அரிசி, ஒரு சேலை, தண்ணீர்க் கலன் எல்லாம் ஒரு சாக்குப் பையில் இருந்தன. நான் கையை நீட்டினேன். ஒன்றும் பேசாமல் தந்தார். வாசலில் பெயர் பதியும் இடம் வரைக்கும் அதைத் தோளில் சுமந்துகொண்டு அவரோடு நடந்தேன்.